எந்தக் கடையில் தோட்டா வாங்குவது? அமெரிக்க வேட்டையாளரின் ஆதரவும் புறக்கணிப்பும்

அமெரிக்காவில் இலையுதிர் காலம் நெருங்கும்போது வேட்டையாளர்களின் பணப்பை திறக்கிறது. மான் பருவத்துக்கான உரிமம், தோட்டா, குளிர் தாங்கும் உடை, காலணி, இறைச்சியைப் பத்திரப்படுத்தும் ஐஸ் பெட்டி என்று செலவுப் பட்டியல் நீளமானது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் வேட்டையாடுவோர் ஏறத்தாழ 1.44 கோடிப் பேர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே வழக்கு என்று அறிந்து வளர்ந்த நமக்கு இந்த எண்ணிக்கை வியப்பளிக்கும். ஆனால் அங்கே வேட்டை என்பது சட்டம் வகுத்த ஒழுங்குக்குள் நடக்கும் நடவடிக்கை. அதைச் சுற்றி ஒரு பெரும் சந்தை இருக்கிறது. அந்தச் சந்தையில் யாருக்குக் காசு கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்ற சச்சரவு கால் நூற்றாண்டாக ஓயாமல் நடந்துவருகிறது.

அந்தச் சச்சரவில் இரண்டு அளவுகோல்கள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. துப்பாக்கி உரிமை பற்றி ஒரு நிறுவனம் என்ன நிலைப்பாடு எடுக்கிறது என்று கேட்பது ஒன்று. வேட்டையாட நிலமும் விலங்கும் எஞ்சியிருக்க அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்று கேட்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே விடையைத் தருவதில்லை. முதல் அளவுகோலில் தேறும் நிறுவனம் இரண்டாவதில் தோற்கலாம். முதலாவதில் துரோகி எனப்படும் நிறுவனம் இரண்டாவதில் நல்ல கூட்டாளியாகத் தெரியலாம்.

டிக்ஸும் வால்மார்ட்டும்

2018 பிப்ரவரி 14 அன்று புளோரிடாவின் பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு வாரம் கழித்து, விளையாட்டுப் பொருள் கடைகள் நடத்தும் டிக்ஸ் ஸ்போர்ட்டிங் கூட்ஸ் நிறுவனத்தின் தலைவர் எட் ஸ்டாக், ராணுவ ரைஃபிள் சாயலிலான ஏஆர்-15 வகை ரைஃபிள்களையும் அதிகத் தோட்டா கொள்ளும் மேகசின்களையும் இனி எந்தக் கடையிலும் விற்கப்போவதில்லை என்றும், 21 வயது நிரம்பாதவருக்குத் துப்பாக்கியே விற்கப்போவதில்லை என்றும் அறிவித்தார். கையிருப்பில் இருந்த சுமார் 50 லட்சம் டாலர் மதிப்புள்ள ரைஃபிள்களை உற்பத்தியாளரிடம் திருப்பி அனுப்பாமல் அழித்தும்விட்டார். துப்பாக்கி ஆர்வலர்கள் கொதித்ததற்கு இந்த அழிப்பு ஒரு முக்கியக் காரணம்: விற்க மறுப்பது வணிக முடிவு, உடைத்துப் போடுவது அவமதிப்பு என்று அவர்கள் கருதினார்கள். மாஸ்பெர்க், ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி ஆகிய தயாரிப்பாளர்கள் டிக்ஸுடனான வணிகத்தை முறித்துக்கொண்டார்கள். துப்பாக்கித் தொழிலின் வணிகச் சங்கம் டிக்ஸை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. இந்த முடிவால் ஏறத்தாழ 25 கோடி டாலர் விற்பனை போனதாக ஸ்டாக்கே பின்னர் சொன்னார்.

வால்மார்ட்டின் பாதை மெதுவானது. கைத்துப்பாக்கி விற்பனையை அலாஸ்கா நீங்கலாக 1993லேயே நிறுத்தியிருந்தது. 2015இல் ஏஆர்-15 வகையைக் கைவிட்டபோது தேவை குறைந்ததையே காரணமாகச் சொன்னது. டிக்ஸ் அறிவித்த அதே நாளில் தானும் வயது வரம்பை 21 ஆக்கியது. 2019 ஆகஸ்டில் டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோவில் வால்மார்ட் கடையிலேயே பெரும் படுகொலை நடந்ததும், கைத்துப்பாக்கித் தோட்டாக்களையும் .223 போன்ற சிறு ரைஃபிள் தோட்டாக்களையும் நிறுத்துவதாக அறிவித்தது. அந்நாட்டின் தோட்டா விற்பனையில் தனக்கிருந்த சுமார் 20 சதவீதப் பங்கு 6 முதல் 9 சதவீதமாகச் சுருங்கும் என்று அந்நிறுவனமே கணித்தது.

துப்பாக்கி உரிமை என்ற முதல் அளவுகோலில் இரண்டுமே குற்றவாளிகள்தான். ஆனால் மான் வேட்டைக்காரர் ஒருவரின் கண்ணால் பார்த்தால் இவை இரண்டும் ஒன்றல்ல. வால்மார்ட் மான் ரைஃபிளுக்கான தோட்டாவையும் ஷாட்கன் தோட்டாவையும் அலமாரியில் வைத்திருந்தது. பல மாநிலங்களில் வேட்டை உரிமம்கூட அதன் கவுன்டரிலேயே கிடைக்கிறது. நரி போன்ற கொயோட்டிகளையும் சிறு விலங்குகளையும் .223 ரைஃபிளால் சுடுபவருக்கு அந்த முடிவு நேரடி இடைஞ்சல், உண்மைதான். மற்றவர்களுக்கு நடைமுறையில் பெரிதாக எதுவும் மாறவில்லை.

டிக்ஸ் கதை வேறு திசையில் போனது. 2018இல் அது விலக்கியது வேட்டைக்காரர் பெரும்பாலோருக்குத் தேவைப்படாத பொருளை. ஒவ்வொரு முறையும் கையால் இயக்கிச் சுடும் போல்ட் ரைஃபிளும் ஷாட்கன்னும் அப்போதும் அங்கே இருந்தன. புறக்கணிப்பு வலுத்து, துப்பாக்கிப் பகுதியின் வருமானம் இறங்கியபோது, அந்நிறுவனம் பின்வாங்கவில்லை. மாறாக, வேட்டைப் பகுதி முழுவதையுமே பிடுங்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் வேறு விளையாட்டுப் பொருள்களை வைத்துப் பார்த்தது, வரவு கூடியது. சோதனையாகச் சில கடைகள், 2019இல் 125 கடைகள், பிறகு மேலும் 440 கடைகள் என்று அது விரிந்தது. 1948இல் தூண்டில் சாமான் விற்கத் தொடங்கிய நிறுவனம் வேட்டைக்காரர்களைச் சார்ந்திருக்கத் தேவையில்லை என்று கற்றுக்கொண்டதற்கு வேட்டைக்காரர்களின் கோபமும் உதவியது என்பது என் கணிப்பு. நம்மை இழந்தால் தாங்காத வணிகரிடம்தான் புறக்கணிப்பு பலிக்கும். நம் இடத்தை நிரப்ப வேறு வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும் வணிகரிடம் அது கதவைத் திறந்துவிடும் வேலையைத்தான் செய்கிறது.

துப்பாக்கித் தயாரிப்பாளரிடம் பலித்தது

இதற்கு நேர்மாறான உதாரணம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். 2000 மார்ச் மாதம் அந்நிறுவனம் கிளின்டன் அரசோடு ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டு, பூட்டுகள், விற்பனைக் கட்டுப்பாடுகள் முதலியவற்றுக்கு ஒப்புக்கொண்டது. துப்பாக்கி வாங்குவோர் உடனே கைவிட்டார்கள், விற்பனை சரிந்தது, ஆட்குறைப்பு நடந்தது. 1987இல் 11 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அதை வாங்கியிருந்த பிரிட்டிஷ் நிறுவனமான டாம்கின்ஸ், 2001இல் வெறும் 1.5 கோடி டாலர் ரொக்கத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது. துப்பாக்கி மட்டுமே விற்கும் நிறுவனத்துக்குத் துப்பாக்கி வாங்குவோரைத் தவிர வேறு கதியில்லை என்பதால் அங்கே புறக்கணிப்பு முழு வீச்சில் பலித்தது.

ஆனால் பலித்தது என்பதாலேயே அது நியாயமாகிவிடாது. மான்டானாவில் நேர்த்தியான வேட்டை ரைஃபிள்கள் செய்துவந்த கூப்பர் ஃபயர்ஆர்ம்ஸ் நிறுவனத்தின் நிறுவனர் டான் கூப்பர், 2008 தேர்தலில் ஒபாமாவுக்கு நன்கொடை அளித்தார் என்ற செய்தி வந்ததும், இயக்குநர் குழுவே அவரைப் பதவி விலகக் கேட்டது. ரைஃபிளின் தரத்தில் குறையில்லை. அவர் யாரை ஆதரித்தார் என்பதே குற்றம். அதற்கு முந்தைய ஆண்டு, பல்லாண்டுகள் வேட்டை பற்றியே எழுதிவந்த ஜிம் ஸம்போ, ஏஆர் வகை ரைஃபிள்களுக்கு வேட்டைக்களத்தில் இடமில்லை என்று எழுதி, அவற்றைப் பயங்கரவாதிகளின் ரைஃபிள் என்று சொல்லிவிட்டார். சில நாட்களுக்குள் ரெமிங்டன் உள்ளிட்ட ஆதரவாளர்கள் விலகினார்கள். அவர் எழுதிவந்த இதழும் அவரைக் கைவிட்டது. அவருடைய சொல் முரட்டுச் சொல்தான், அவரே மன்னிப்பும் கேட்டார். எனினும் ஒரு வேட்டைக்காரர் வேட்டை அறம் பற்றி வேட்டைக்காரர்களிடமே பேச முடியாமல் போனது எந்தப் பக்கத்துக்கும் வெற்றியல்ல என்று நினைக்கிறேன்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இன்று ஏஆர்-15ஐ விட்டுக்கொடுத்தால் நாளை தொலைநோக்கி பொருத்திய மான் ரைஃபிளையும் மறைந்திருந்து சுடும் ஆயுதம் என்று சொல்லிப் பறிப்பார்கள், ஆகவே எந்த விரிசலையும் அனுமதிக்கக் கூடாது என்பது அவர்களுடைய அச்சம். அதை முற்றிலும் கற்பனை என்று தள்ள முடியாது. 2018 மார்ச்சில் ஆர்ஈஐ என்ற மலையேற்றப் பொருள் கூட்டுறவு நிறுவனம், விஸ்டா அவுட்டோர் நிறுவனத்திடம் சைக்கிள் தலைக்கவசம், தண்ணீர்ப்பை முதலியவற்றை வாங்குவதை நிறுத்தியது. காரணம், எளிய விலை வேட்டை ரைஃபிள்களுக்குப் பெயர்போன, ஏஆர் வகையும் செய்த சாவேஜ் ஆர்ம்ஸும் விஸ்டாவின் சொத்தாக இருந்தது. மறுபக்கத்திலிருந்தும் புறக்கணிப்பு வரும் என்பதற்கு இது சான்று. மறு ஆண்டே விஸ்டா சாவேஜை விற்றுவிட்டது.

எட்டி (Yeti) என்ற ஐஸ் பெட்டி நிறுவனத்தின் விவகாரத்தில் அதிகம் நிற்கத் தேவையில்லை. 2018 ஏப்ரலில் தேசிய ரைஃபிள் சங்கத்தின் முன்னாள் தலைவர் ஒருவர், எட்டி நிறுவனம் சங்கத்தின் அறக்கட்டளையைக் கைவிட்டது என்று எழுத, பழைய தள்ளுபடித் திட்டம் ஒன்றை எல்லோருக்கும் சேர்த்தே நிறுத்தியதாக நிறுவனம் மறுக்க, அதற்குள் பலர் பல நூறு டாலர் கொடுத்து வாங்கிய பெட்டிகளைச் சுட்டும் வெடிவைத்தும் காணொளி போட்டுவிட்டார்கள். பெட்டியின் விலை ஏற்கெனவே எட்டியின் கல்லாவில் இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நிறுவனம் பங்குச் சந்தையில் நுழைந்தது.

நிலத்தின் பக்கம் நிற்பவர் யார்?

என் பார்வையில் சிக்கலும் முக்கியத்துவமும் கூடிய ஒப்பீடு இதுதான். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் எல்க் மானையும் மியூல் மானையும் தேடிச் செல்லும் சாமானியருக்குச் சொந்த நிலம் கிடையாது. கூட்டாட்சி அரசின் பொது நிலமே அவருடைய வேட்டைக்களம். 2017 ஜனவரியில் யூட்டா மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர் ஜேசன் சாஃபெட்ஸ் 33 லட்சம் ஏக்கர் பொது நிலத்தை விற்கும் மசோதாவைக் கொண்டுவந்தபோது, முதலில் திரண்டு எதிர்த்தவர்களில் வேட்டைக்காரர்களும் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோரும் இருந்தார்கள். சில நாட்களிலேயே மசோதா திரும்பப் பெறப்பட்டது. 2025 ஜூனில் அதே மாநிலத்தின் செனட்டர் மைக் லீ இருபது லட்சம் ஏக்கருக்கு மேல் விற்க முயன்றபோதும் அதுவே நடந்தது.

2017இல் இந்தப் போராட்டத்தில் பணத்தை ஆயுதமாக எடுத்தது பட்டகோனியா என்ற வெளிப்புற உடை நிறுவனம். பெயர்ஸ் இயர்ஸ் தேசிய நினைவுப் பகுதி என்ற பாதுகாக்கப்பட்ட பொது நிலத்தின் அந்தஸ்தை நீக்கக் கோரி யூட்டா தீர்மானம் போட்டதும், சால்ட் லேக் சிட்டியில் நடந்துவந்த வெளிப்புறப் பொருள் கண்காட்சியிலிருந்து அது விலகியது; மற்றவர்களும் பின்தொடர, ஆண்டுக்குச் சுமார் 4.5 கோடி டாலர் வருமானம் தந்த அந்தக் கண்காட்சி 2018இல் டென்வருக்குப் பெயர்ந்தது. பெயர்ஸ் இயர்ஸில் வேட்டைக்குத் தடையில்லை. எல்க் வேட்டைக்குப் பெயர்பெற்ற மேட்டுநிலம் அதற்குள்தான் இருக்கிறது. ஆக, வேட்டையை ஒருநாளும் விளம்பரப்படுத்தாத ஒரு துணி நிறுவனம் வேட்டைக்களத்துக்காகச் சண்டையிட்டது. இத்தனைக்கும் அந்தச் சண்டையில் உடனடி வெற்றி கிட்டவில்லை: அதே ஆண்டு டிசம்பரில் டிரம்ப் அந்தப் பகுதியை 85 சதவீதம் சுருக்கினார், 2021இல்தான் பைடன் மீட்டார்.

அப்படியானால் வேட்டைக்காரர் பட்டகோனியா சட்டையை வாங்கலாமா? இங்கே இரண்டு தயக்கங்கள் எழுகின்றன. விற்பனையில் 1 சதவீதத்தைச் சுற்றுச்சூழல் அமைப்புகளுக்கு அளிக்கும் அந்நிறுவனத்தின் காசு, ஓநாயையும் கிரிஸ்லி கரடியையும் வேட்டைக்குத் திறந்துவிடுவதை எதிர்த்து வழக்காடுவோரின் கைக்கும் போய்ச் சேருகிறது என்பது வேட்டைக்காரர் பலரின் மனத்தாங்கல். இரண்டாவது தயக்கம் வரி சார்ந்தது, எனக்கு அதுவே கனமாகப் படுகிறது. 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதமும் நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதமும் தயாரிப்பாளரிடமே வரி பிடிக்கப்பட்டு, மாநிலங்களின் பரப்பையும் உரிமம் எடுத்தவர்களின் எண்ணிக்கையையும் வைத்து வனவிலங்குப் பணிக்குப் பகிரப்படுகிறது. அண்மை ஆண்டுகளில் அது 100 கோடி டாலரை ஒட்டி நிற்கிறது. வில் அம்புக்கும் பிறகு அந்த வரி வந்தது. கூடாரத்துக்கும் முதுகுப்பைக்கும் அது கிடையாது. 1990களில் அவற்றுக்கும் வரி விதிக்கும் யோசனை எழுந்தபோது வெளிப்புறப் பொருள் துறை அதை எதிர்த்து வீழ்த்தியது. காட்டை நேசிப்பதாகச் சொல்லும் துறை காட்டுக்கான வரியைத் தட்டிக்கழித்ததை வேட்டைக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

இந்த வரி, கடை மாறும் விவாதத்தையும் சற்று அடக்கி வைக்கிறது. வரி தயாரிப்பாளரிடம் பிடிக்கப்படுவதால், ஒரு தோட்டாப் பெட்டியை வால்மார்ட்டில் வாங்கினாலும் ஊர் முனைக் கடையில் வாங்கினாலும் விலங்குக்குப் போகும் பங்கு மாறுவதில்லை. மாறுவது கடைக்காரரின் லாபம் மட்டுமே.

அந்த லாபம் எங்கே தங்குகிறது என்பதற்கு நெப்ராஸ்காவின் சிட்னி நகரம் ஒரு பாடம். ஏழாயிரத்துக்கும் குறைவானோர் வாழும் அந்த ஊரில் கபேலாஸ் வேட்டைப் பொருள் நிறுவனம் சுமார் 2,000 பேருக்கு வேலை கொடுத்திருந்தது. துப்பாக்கி அரசியலில் அதன் மீது எவரும் விரல் நீட்டவில்லை. எலியட் என்ற முதலீட்டு நிதி அதன் பங்குகளில் 11 சதவீதத்துக்கு மேல் கைப்பற்றி நெருக்கியபின், 2017 செப்டம்பரில் போட்டியாளரான பாஸ் ப்ரோ அதை வாங்கியது. சிட்னியின் வேலைகள் பெரும்பாலும் போயின. பார்க்லாண்டுக்குப் பிறகும் ஏஆர்-15 விற்ற பாஸ் ப்ரோவுக்கு முதல் அளவுகோலில் முழு மதிப்பெண் கிடைத்தது; டிக்ஸைப் புறக்கணித்தவர்கள் அங்கே போய் வாங்கினார்கள். ஒரு வேட்டைக்கார ஊரே வேலை இழந்ததற்கு அதே அளவு கோபம் எழவில்லை.

ஆகவே என் வரிசை இப்படி அமைகிறது. தோட்டாவும் ரைஃபிளும் வாங்க, உள்ளூரில் துப்பாக்கிக் கடை இன்னும் உயிரோடு இருந்தால் விலை சற்றுக் கூடினாலும் முதலிடம் அதற்கே. அந்தக் கடைக்காரர்தான் எந்த மேட்டில் மான் இறங்கியிருக்கிறது என்றும் சொல்வார். அது இல்லாத ஊரில் வால்மார்ட்டைத் தவிர்ப்பதால் வேட்டைக்காரருக்கு எந்த ஆதாயமும் இல்லை. டிக்ஸைப் பொறுத்தவரை, வேட்டைப் பொருளே இல்லாத கடையைப் புறக்கணிப்பதும் புறக்கணிக்காததும் ஒன்றுதான். உடைக்குப் பட்டகோனியாவிடம் போவதில் எனக்கு ஆட்சேபமில்லை, ஆனால் அடுத்த முறை முதுகுப்பை வரி பற்றிய பேச்சு எழும்போது அந்தத் துறை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பார்த்தபிறகு அந்த முடிவை நான் மாற்றிக்கொள்ளக்கூடும்.