கார்னெலா, வெனிட்டாவா?

அமெரிக்க ராக் இசைக்குழுவான கிரேட்ஃபுல் டெட்டைக் கேட்கத் தொடங்குபவர்கள் கையில் எல்லோரும் முதலில் திணிப்பது ஒரே கச்சேரியின் பதிவைத்தான்: 1977 மே 8, இத்தாகா நகரில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். எனக்கும் அதுதான் வாய்த்தது. ஆனால் ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இன்று நான் எடுப்பது 1972 ஆகஸ்ட் 27, ஓரிகனில் வெனிட்டா.

கார்னெலுக்கு வந்த பேரில் பாதி, அதைப் பதிவு செய்த ஒலிப்பொறியாளர் பெட்டி (Betty) கேன்ட்டர்-ஜாக்சனுக்குச் சேர வேண்டியது. அவர் பதிந்தது இரண்டே தடத்தில். அன்றிரவு அவர் காதுக்குச் சரியென்று பட்டதுதான் நாடாவில் இருக்கிறது. பேஸ் கிதாரைக் கொஞ்சம் ஏற்று, குரலை இறக்கு என்று பிற்பாடு ஒக்கிட வழியில்லை. அப்படியும் ஃபில் லெஷின் பேஸ் தனியாகத் தெரிகிறது, இரண்டு டிரம்மர்களும் ஒருவர் மேல் ஒருவர் விழவில்லை. கேன்ட்டர்-ஜாக்சனின் நாடாக்கள் 1986-ல் ஏலத்துக்குப் போய், கேசட்டுக்குக் கேசட் நகலாகிப் பரவின. இந்தக் கச்சேரி முறையான வெளியீடாக வந்தது 2017-ல்தான்.

இசையும் சோடை இல்லை. ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ பாட்டிலிருந்து ‘ஃபயர் ஆன் தி மவுன்டன்’ பாட்டுக்குப் போகும் இடத்தைக் கேளுங்கள். இரண்டையும் அவர்கள் இணைத்து வாசிக்க ஆரம்பித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. முதல் பாட்டு எங்கே முடிந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. பேஸ் மெல்ல வேறு சுழலுக்கு மாறிய பிறகுதான் அடுத்த பாட்டுக்குள் இருக்கிறோம் என்றே உறைக்கும். ‘மார்னிங் டியூ’ பாட்டின் முடிவில் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியா தந்திகளை விசிறி அடிப்பதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் புகழ்ந்துவிட்டார்கள்.

என் குறை, இதில் எதுவும் தடுமாறுவதில்லை என்பதுதான்.

வெனிட்டாவில் எல்லாமே தடுமாறுகிறது. நாவலாசிரியர் கென் கீசியின் தம்பி சக் நடத்திய ஸ்பிரிங்ஃபீல்ட் பால் பண்ணையைக் கடனிலிருந்து மீட்க வயலில் நடந்த கச்சேரி அது. டிக்கெட்டை அச்சடித்ததே தயிர் லேபிளில். வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. தண்ணீர் தட்டுப்பாடு வேறு. சூட்டில் கிதார்கள் சுருதி விலகுவது காதில் விழுகிறது. பதிவு என்னவோ பதினாறு தடம், அதனால் 2013-ல் ‘சன்ஷைன் டேட்ரீம்’ என்று வந்தபோது ஒலியைப் புதிதாகக் கலக்க முடிந்தது. ஆனால் இரண்டாவது டிரம்மர் மிக்கி ஹார்ட் அப்போது குழுவில் இல்லை. பில் க்ரூட்ஸ்மன் ஒருவர்தான் டிரம்ஸ்; அதுவே வரமாகிவிட்டது. நினைத்த மாத்திரத்தில் தாளத்தைத் திருப்புகிறார், மற்றவர்கள் பின்னாலேயே ஓடுகிறார்கள்.

அரைமணி நேர ‘டார்க் ஸ்டார்’ பாட்டு முழுக்க இந்த ஓட்டம்தான். நடுவில் டிரம்ஸும் பேஸும் மட்டும் மிஞ்சும் இடம் உண்டு. பாட்டு செத்துவிட்டது என்றே தோன்றும். பிறகு கிதார் உள்ளே வரும்போது நிமிர்ந்து உட்கார்வோம். 1969 ‘லைவ்/டெட்’ ஆல்பத்தின் ‘டார்க் ஸ்டார்’ இதைவிட அழகானது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆல்பம் பல இரவுகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்தது, ஒரு நாள் கச்சேரியோடு அதை எடைபோட முடியாது.

அவ்வளவு தூரம் போய்விட்டு வெனிட்டாவில் எங்கே வந்து இறங்குகிறார்கள் தெரியுமா? ‘எல் பாசோ’ என்ற கௌபாய் பாட்டில். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.