அடிப்படை ஆடைக் கடையும் அதிவேக ஃபேஷனும்

மாறாத டி-ஷர்ட்டையும் உள்ளாடையையும் மலிவாக விற்கும் யுனிக்லோவையும், புதிய வடிவத்தைச் சில வாரங்களுக்குள் கடைக்குக் கொண்டுவரும் ஸாராவையும் ‘அதிவேக ஃபேஷன்’ என்ற ஒரே பெயரால் அழைக்கலாமா?

வேகம் மட்டுமே அளவுகோல் என்றால், கூடாது என்பேன். அடுத்த ஆண்டும் அதே டி-ஷர்ட் விலைபோகும் என்பதால், அடிப்படை ஆடைக் கடை மாதங்களுக்கு முன்பே பெருமளவில் துணிக்கு ஒப்பந்தம் செய்துகொள்ள முடிகிறது; மிஞ்சிய சரக்கும் எளிதில் பழசாகிவிடுவதில்லை. ஸாராவோ சிறு தொகுதிகளாகத் தைத்து, நன்றாக விலைபோகும் வடிவங்களை மட்டும் மேலும் தைக்கிறது. இதனால் தேக்கம் குறைகிறது என்ற நியாயம் அதன் பக்கம் உண்டு. யுனிக்லோவின் தாய் நிறுவனத்துக்கு ‘ஃபாஸ்ட் ரீடெய்லிங்’ என்று பெயர் இருப்பதுதான் வேடிக்கை.

ஆனால் தையல்கூடத்திலிருந்து பார்த்தால் இந்த வேறுபாடு மங்கிவிடுகிறது. 2013இல் வங்காளதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே தைக்கப்பட்டவற்றில் அன்றாட மலிவு ஆடைகளும் இருந்தன. ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற மதிப்பீடும் வெறும் வெள்ளைச் சட்டைக்கு விலக்கு அளிப்பதில்லை.

எனவே நான் கடையின் பெயரை விட்டுவிட்டுத் துணியைப் பார்க்கிறேன். நான்கைந்து சலவைக்குள் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப்பக்கம் வந்துவிடுகிற, கழுத்துப்பட்டி அலையலையாய்த் தளர்ந்துவிடுகிற சாதாரண டி-ஷர்ட்டை, அது எத்தனை ஆண்டுகளாக மாறாமல் விற்கப்பட்டாலும், அதிவேக ஃபேஷன் கணக்கில்தான் எழுதுவேன்.