பினாங்கில் 'கிட்டங்கி விருந்து': முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

போன மாதம் அப்பாவுக்கு 75 வயது நிறைந்தது. என்ன வேண்டும் என்று கேட்டால், "ஒண்ணும் வேணாம்யா" என்றார். ஆனால் அவர் மனதில் இருப்பது எங்களுக்குத் தெரியும். சிறுவயதில் லெபோ பினாங்கு என்ற தெருவில் இருந்த ஒரு கிட்டங்கியில், சமையற்கட்டு எடுபிடியாக வேலை பார்த்தவர் அவர். வட்டித் தொழில் செய்த நகரத்தார் தங்கி, கணக்கெழுதி, சாப்பிட்டுப் படுத்த இடம் அது. அங்கே ருசித்த வெண்டைக்காய் மண்டியை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் இன்ஸ்டாகிராமில் அந்த விளம்பரம் வந்தது. ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீடு. 12 பேருக்கு மட்டும் இடம். செட்டிநாட்டு ஆச்சி ஒருவர் விறகடுப்பில் சமைத்துப் பரிமாறும் கிட்டங்கி விருந்து. தலைக்கு 188 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), முழுப் பணமும் முன்கூட்டியே கட்ட வேண்டும், முகவரி அன்று காலையில்தான் கிடைக்கும். முகவரியை மறைத்து வைப்பதே ஒரு சுவாரசியம் என்று நினைத்து, நான்கு பேருக்கு 752 வெள்ளி அனுப்பிவிட்டேன். பணம் போனது ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு. அங்கேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை இரவு ஏழு மணிக்குப் போனோம். முக்கால் மணி நேரம் வாசலிலேயே நிறுத்திவைத்தார்கள். அப்பாவுக்கு முட்டிவலி, ஒரு நாற்காலி கேட்டோம், வரவில்லை. உள்ளே போனால் 26 பேர். இலை கூட நிஜ இலை இல்லை, வாழையிலை மாதிரி அச்சடித்த காகிதம். பினாங்கில் வாழையிலைக்கா பஞ்சம்?

மண்டி வந்தது. அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் போட்டு வேகவைப்பது அது. அந்தக் களனித் தண்ணீர்தான் அதற்குப் பதமும் வாசமும் தரும். அப்பா ஒரு வாய் வைத்தார். யாருக்கும் கேட்காத குரலில், "இது மண்டி இல்லய்யா, வெண்டைக்காய் போட்ட புளிக்குழம்பு" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாயில் வைத்ததை விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

கடைசியில் கவுனி அரிசி. ஊறவைத்து, குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்துக் கிளறுவது கவுனி. எங்களுக்கு வந்தது, பண்டான் இலை மணக்க, மேலே தேங்காய்ப்பால் ஊற்றிய பூபோர் பூலூட் ஹீத்தாம் என்ற மலாய்க் கறுப்பரிசிக் கஞ்சி. அரிசி கறுப்பாக இருந்தால் கவுனி ஆகிவிடுமா? பூலூட் ஹீத்தாம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதைச் செட்டிநாட்டுப் பலகாரம் என்று பெயர் மாற்றி விற்பது இரண்டு சமையலுக்கும் செய்யும் அவமரியாதை.

கை கழுவப் பின்பக்கம் போன என் மனைவி திரும்பி வந்து, "அடுப்பே எரியலைங்க" என்றாள். நானும் போய்ப் பார்த்தேன். விறகும் இல்லை, சாம்பலும் இல்லை. ரப்பர் போட்டுக் கட்டிய தாப்பாவ் (கடையில் வாங்கிவரும் பார்சல்) பொட்டலங்கள் மேசை நிறையக் கிடந்தன. ஆச்சி எங்கே என்று கேட்டதற்கு, உடம்பு சரியில்லை என்றார்கள்.

கிளம்பும்போது இன்னொரு காகிதம் நீட்டினார்கள். 10 விழுக்காடு சேவைக் கட்டணம், 6 விழுக்காடு சேவை வரி, ஆக 120 வெள்ளிக்குச் சற்று மேல். இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த 10 விழுக்காடு அரசாங்கம் வாங்கும் வரி அல்ல, கடைக்காரர் வைக்கும் கட்டணம். 6 விழுக்காடுதான் வரி. அதையும் சுங்கத் துறையில் பதிந்தவர்கள்தான் வசூலிக்கலாம். சாப்பாட்டுத் தொழிலில் ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் அந்தப் பதிவு கட்டாயம். பதிந்திருந்தால் பில்லில் எண் இருக்கும். எங்கள் காகிதத்தில் எண்ணும் இல்லை, கடைப் பெயரும் இல்லை. எண்ணைக் கேட்டேன், பேச்சை மாற்றினார்கள். அப்பா களைத்துப்போயிருந்தார், கட்டிவிட்டு வந்துவிட்டோம்.

மறுநாள் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். "இது அனுபவம், உணவு மட்டும் அல்ல" என்று ஒரு வரி பதில். அப்புறம் நான் செய்தி அனுப்ப முடியாதபடி என்னை பிளாக் செய்துவிட்டார்கள். விளம்பரப் படங்களை இணையத்தில் தேடினால், அந்த வெண்கல உருளிப் படம் காரைக்குடிப் பக்கத்து விடுதி ஒன்றுடையது.

இதனால் வீட்டு விருந்துகளே மோசம் என்று யாரும் எண்ண வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன் பினாங்கின் பூலாவ் தீக்குஸ் பகுதியில், ஒரு நோன்யா (மலாய்ப் பழக்கம் கலந்த சீன மரபு) அம்மா வீட்டில் பெருட் ஈக்கான், ஜியூ ஹூ சார் என்ற அவர்கள் மரபு உணவுகளைச் சாப்பிட்டோம். முகவரியை முதல் அழைப்பிலேயே சொன்னார், பாதிப் பணம்தான் முன்பணம், என்ன சமைக்கப்போகிறார் என்று எழுதி அனுப்பினார். நாங்கள் போகும்போது அம்மியில் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தார். அவரைப் போன்றவர்களின் பிழைப்பையும் சேர்த்துத்தான் இந்த ஏமாற்று கெடுக்கிறது.

இப்போது பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளுக்கு அங்கே போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும் என்பதுதான் சிக்கல். வங்கிப் பரிமாற்ற ரசீதும், விளம்பரத்தை எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்களும்தான் கைகொடுத்தன. பணம் அனுப்புமுன் அந்தக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே புகார் இருந்தால் காட்டும்.

நேற்று அதே உருளிப் படம் மறுபடி வந்திருக்கிறது. இந்தத் தடவை பெயர் வேறு, தலைக்கு 218 வெள்ளி, கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். யாராவது பணம் கட்டியிருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.