உப்புக் காற்றில் பிரேக் பேட்: இரண்டு செட் தேய்ந்த பிறகு

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை, கடலோரத் தெருவில் நிற்கும் காருக்கு முன்சக்கர பேட் மாற்றும்போது பாதி வேலை, பேட்டுகளை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பரின் ஸ்லைடு பின்னில்தான், அதாவது கேலிப்பர் சறுக்கி நகரும் கம்பியில்தான் இருக்கிறது. முதல் செட்டைக் கழற்றியபோது இடது பக்க வெளிப் பேட்டில் 6 மி.மீ. மிச்சம், உள் பேட்டில் 2 மி.மீ. கூட இல்லை. குறை பேட்டில் இல்லை. ஸ்லைடு பின் துருவேறி இறுகியதால் கேலிப்பர் நகரவில்லை, பிஸ்டன் பக்கப் பேட் மட்டும் டிஸ்க்கில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டாவது செட்டில் பின்னைக் கவனித்தோம், இரண்டு பேட்டும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தேய்ந்தன.

பேட் 3 மி.மீ.க்கு வந்தாலே மாற்றிவிடுங்கள். இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கடலோர மணலில் ஜாக்கி புதையும், அடியில் தடிமனான பலகை கட்டாயம். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்திக்கொள்ளுங்கள். தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்கிவிடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பிக் கை வைக்கக் கூடாது.

கேலிப்பர் போல்ட்டுக்குப் பல சின்ன கார்களில் 12 அல்லது 14 பானா போதும். கழற்றிய கேலிப்பரை ஓஸில் தொங்கவிடாமல் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கம்பி போட்டுக் கட்டுங்கள். பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள், பிரேக் கிளீனர் ஸ்பிரேயால் நனைத்துத் துடைக்கவும். இனி முக்கியமான இடம். இரண்டு பின்னையும் உருவி, பழைய கிரீஸைச் சுத்தமாகத் துடைத்து, சிலிகான் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். வீல் பேரிங் கிரீஸ் வேண்டாம், பின்னை மூடும் ரப்பர் பூட் ஊதிப்போகும், ஸ்லைடு பின் மறுபடி இறுகும். சில கார்களில் ஒரு பின்னில் ரப்பர் புஷ் இருக்கும், மேல் கீழ் மாற்றிவிடாதீர்கள். பூட் கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், கிழிசல் வழியாகத்தான் உப்புத் தண்ணீர் இறங்குகிறது. பேட் கிளிப் உட்காரும் இடத்துத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டாவிட்டால் புதுப் பேட் நுழையவே அடம்பிடிக்கும். நுழையவில்லையே என்று பேட்டை அரம் போட்டுத் தேய்ப்பதைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது.

பழைய பேட்டை வைத்து சி கிளாம்ப்பால் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளவும். பிரேக் ஆயில் கப் வழியலாம், ஆயில் பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தேய்ந்ததும் கிறீச்சிடும் தகடு உள்ள பேட் பழையது இருந்த பக்கத்திலேயே வர வேண்டும்.

காரை நகர்த்துமுன் பெடலைப் பலமுறை மிதித்துக் கடினமாக்கிக்கொள்ளுங்கள். இதை மறந்தால் முதல் திருப்பத்தில் பிரேக்கே இருக்காது. பிறகு கன்டெய்னர் லாரி இல்லாத விடியற்காலையில், 50-லிருந்து 10 கி.மீ. வேகத்துக்கு, முழுக்க நிறுத்தாமல், இடைவெளி விட்டு எட்டு, பத்து முறை குறையுங்கள்.

10,000 கி.மீ.க்கு ஒருமுறை பின்னைக் கையால் நகர்த்திப் பாருங்கள். மழைக்கு மறுநாள் காலை வரும் கரகரப்பு டிஸ்க்கின் மேல்துரு, நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். போகாவிட்டால் சக்கரத்தைக் கழற்றுங்கள்.