ஒரு துணியா, நாலு துணியா? கிராஸ் ஸ்டிச்சில் நான் செய்து பார்த்த வழிகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். 11 வருடமாகக் கிராஸ் ஸ்டிச் போடுகிறேன், அதாவது கட்டம் கட்டமான துணியில் பெருக்கல் குறி மாதிரித் தையல் போட்டுப் படம் உருவாக்குவது. தொழிற்சாலையில் மூன்று ஷிஃப்ட் வேலை, வீட்டில் மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். எல்லாம் போகத் துணியோடு உட்கார எனக்கு நாளைக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. இதைப் போடுகிற யாரோடு பேசினாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவதா, நாலைந்தைச் சேர்த்தே ஓட்டுவதா? பலரும் இதைக் குணத்தைப் பொறுத்த விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு வழிக்கும் கணக்கு இருக்கிறது, அதில் லாபமும் உண்டு நட்டமும் உண்டு, நம் ஊர் வெயிலும் ஈரமும்கூட அந்தக் கணக்கில் சேரும்.

முதலில் ஒரே துணி. இதன் பலத்தைப் பலர் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. உங்களிடம் மூன்று துணிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 70 மணி நேர வேலை, தினம் ஒரு மணி நேரம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாக முடித்தால் முதல் துணி 70ஆம் நாள் கைக்கு வரும், இரண்டாவது 140ஆம் நாள், மூன்றாவது 210ஆம் நாள். அதே மூன்றையும் தினம் ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டால்? 208, 209, 210. மொத்த வேலை அதேதான், கடைசி நாளும் அதேதான், ஆனால் ஏழு மாதம் உங்கள் கையில் முடிந்தது என்று சொல்ல ஒன்றுமே இருக்காது. "இதுவும் முடியல, அதுவும் முடியல, மூணாவது எதுக்கும்மா?" என்று என் மாமியார் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன், அத்தை சொன்னது சரிதான்.

ஆக, கல்யாணம், புதுமனை புகுவிழா, குழந்தைக்குப் பெயர் வைப்பது என்று தேதி குறித்த அன்பளிப்பாக இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். அந்தத் துணி ஒன்றுதான் வெளியே இருக்க வேண்டும்.

ஒரே துணி முறை கவிழ்வது பெரிய படங்களில். 140க்கு 180 கட்டம் என்றால் 25,200 தையல். 14 கவுண்ட் ஐடாவில், அதாவது அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணியில், அது 10 அங்குலத்துக்குச் சுமார் 13 அங்குலம்தான், சுவரில் மாட்டினால் அப்படி ஒன்றும் பெரிதாகத் தெரியாது. என் வேகம் மணிக்கு 120 தையல், எனவே 210 மணி நேரம். அதில் வானத்துக்கோ இருட்டுக்கோ ஒரே நிறம் ஆயிரக்கணக்கில் வரும். நான் போட்ட முதல் பெரிய மயில் படத்தில் பின்னணியின் கருநீலத்திலேயே இரண்டு மாதம் போனது, ஒரு கட்டத்தில் பையைத் திறக்கவே மனம் வரவில்லை, ஐந்து மாதம் ஊசியே பிடிக்கவில்லை. இதுதான் இந்த முறையின் பெரிய குறை என்பேன். அந்த ஒன்று நின்றால் எல்லாமே நிற்கிறது.

அதற்குப் பிறகுதான் சுற்று முறைக்குப் போனேன். இதில் பல வகை. தினம் ஒரு துணி, வாரம் ஒரு துணி, இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் பத்து மணி நேரம் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போவது. என் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஒரே நிரையைத் தினமும் வெட்ட மாட்டார்கள், இன்று ஒரு பகுதி, நாளை இன்னொரு பகுதி, மரத்துக்கு ஒரு நாள் ஓய்வு விட்டால்தான் மங்கில், அதாவது பால் வடியும் கிண்ணத்தில், பால் நிறையும். நான் துணிகளை மாற்றி மாற்றி எடுப்பதைப் பார்த்து அம்மா, "நீயும் நிரை மாத்தித்தான் வெட்டுற" என்றார். அது மனதில் நின்றுவிட்டது. ஆனால் ரொம்ப நாள் கழித்துத்தான் வித்தியாசம் உறைத்தது: மரத்துக்குப் பட்டை ஆற வேண்டும், துணிக்கு ஆறுவதற்கு ஒன்றும் இல்லை. ஓய்வு கேட்பது நம் கண்ணும் மணிக்கட்டும்தான், அதுவும் துணியை மாற்றினால் கிடைக்கிற ஓய்வு இல்லை, வேலையின் வகையை மாற்றினால் கிடைப்பது.

தினம் ஒரு துணி என்பது என் அனுபவத்தில் மோசமான சுற்று. உறையைப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று காட்டும் சார்ட்டில் இடம் கண்டுபிடித்து, எந்த இழை எங்கே நின்றது என்று பார்த்து, நிறத்தைத் தேடி ஊசி கோர்ப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடும். ஒரு மணி நேரம்தான் கையில் இருக்கிறது என்றால் ஆறில் ஒரு பங்கு அங்கேயே காலி. பத்து மணி நேரச் சுற்றில் அந்தப் பத்து நிமிடம் ஒரே ஒரு முறைதான் போகும். மேலே சொன்ன கணக்கும் கொஞ்சம் தேறும், மூன்று துணியும் 190, 200, 210ஆம் நாளில் முடியும். வாரம் ஒரு துணி கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு ஒத்துவரவில்லை, ஏனென்றால் என் ஷிஃப்டும் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. நுணுக்கமான துணி வரும் வாரம் பார்த்து இரவு வேலை வந்து சேரும், கண் எரியும்போது 18 கவுண்டை எண்ணிக்கொண்டு உட்கார முடியாது. நாளையோ வாரத்தையோ வைத்துப் போடும் சுற்று, தினமும் ஒரே நேரத்துக்கு வீடு திரும்பும் ஆளுக்குத்தான் பொருந்தும். மணிக்கணக்குச் சுற்று யாருக்கும் பொருந்தும்.

மூன்றாவது, மனம் போன போக்கு. தோன்றியதை எடுப்பது, அலுத்தால் வைப்பது, அழகாக ஒன்றைப் பார்த்தால் புதிதாகத் தொடங்குவது. சந்தோஷம் இதில்தான் அதிகம், மறுக்க மாட்டேன். புதுத் துணியின் நடுவை மடித்துக் கண்டுபிடித்து முதல் பத்துத் தையல் போடுகிற சுகம் வேறு எதிலும் இல்லை. ஒரு வருடம் அப்படியே ஓட்டினேன், ஏழு துணிகள் சேர்ந்தன.

அந்த வருடம் கற்றுக்கொண்டதை விவரமாகச் சொல்ல வேண்டும். மூங்கில் கூடை நிறையச் செம்பருத்தி, அந்தப் படத்தை நாலு மாதம் கழித்துத் திரும்ப எடுத்தேன். இரண்டு வாரம் போட்டேன். ஒரு நாள் காலையில் ஜன்னல் பக்கம் தற்செயலாகச் சாய்த்துப் பிடித்தபோது பூவின் நடுவில் ஒரு கோடு தெரிந்தது. ஒரே சிவப்பு, ஒரே எண், ஆனால் ஒரு பாதி மினுங்குகிறது, ஒரு பாதி மங்கல். நூலில் கோளாறு என்றுதான் நினைத்தேன். கண்ணாடி வைத்துப் பார்த்தால், பழைய தையலில் மேல் கால், அதாவது பெருக்கல் குறியில் மேலே விழும் கோடு, வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது, புதிய தையலில் இடப்பக்கம். கிராஸ் ஸ்டிச்சில் எல்லா மேல் காலும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் வெளிச்சம் ஒரே மாதிரி விழும். நடுவில் வேறு இரண்டு துணிகளை எதிர்ப்பக்கமாகப் போட்டுப் பழகியதில் கை மாறியிருந்தது. அறுநூறு சொச்சம் தையலைச் சின்னக் கத்தரிக்கோலால் பின்பக்கமிருந்து வெட்டி வெட்டி எடுத்தேன், சிவப்புத் துகள் ஐடாவின் துளைகளில் ஒட்டிக்கொண்டது, அதை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுக்க ஒரு மாலை முழுவதும் ஆனது. இழுப்பும் அப்படித்தான் மாறுகிறது. ஒரு மாதம் கழித்துத் தொட்டால் கை இறுக்கமாகவோ தளர்வாகவோ வரும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். இப்போது ஒவ்வொரு துணியின் ஓரத்திலும், சட்டத்துக்குள் மறைகிற இடத்தில், ஒரு முழுத் தையல் மாதிரிக்குப் போட்டு வைக்கிறேன். எடுத்தவுடன் அதைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன்.

இன்னொன்று, நம் ஊர்க் காற்று. இங்கே ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். கிடப்பில் போட்ட துணியில் குத்திய ஊசி துருப்பிடிக்கும், அந்தப் பழுப்புப் புள்ளி சலவையில் போகாது. துணியை இழுத்துப் பிடிக்கும் வளையத்தோடு விட்டால் வட்டமாகத் தடம் விழுந்து அதில் அழுக்கும் உட்காரும். பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் மூடினால் பூஞ்சணம். எண்ணச் சுலபமாகத் துணியில் கட்டம் போடும், தண்ணீரில் அழியும் நீலப் பேனா இருக்கிறதே, அதைத் தண்ணீரில் அலசி எடுக்காமல் இஸ்திரிப் பெட்டி வைத்துவிட்டால் பழுப்பாக நிலைத்துவிடும், மாதக்கணக்கில் கிடந்த துணியில் கட்டம் போட்டதே மறந்துபோய் இஸ்திரி வைப்பது சுலபம். அதனால் நான் எண்ணுவது இப்படித்தான்: கிடப்பில் இருக்கும் ஒவ்வொரு துணியும் பராமரிப்பு கேட்கிறது. ஊசியை எடுத்து டப்பாவில் போட வேண்டும், வளையத்தைக் கழற்ற வேண்டும், பழைய பருத்தித் தலையணை உறைக்குள் சுருட்டி வைக்க வேண்டும், மாதம் ஒரு முறை காற்றாட விரிக்க வேண்டும். மூன்றுக்குச் செய்யலாம். ஏழுக்கு என்னால் முடியவில்லை.

நான்காவது வழிதான் நான் கடைசியாக வந்து நின்றது. எத்தனை துணி என்று கேட்பதை விட்டுவிட்டு, எத்தனை வகையான நேரம் எனக்கு இருக்கிறது என்று பார்த்தேன். காலை ஷிஃப்ட் வாரத்தில் மாலை நாலு மணி வெளிச்சம் கிடைக்கிறது, தலையும் தெளிவாக இருக்கிறது. அது எண்ணும் வேலைக்கான நேரம்: அடிக்கடி நிறம் மாறுவது, பாதித் தையல், முகத்துக்கும் கண்ணுக்கும் ஓரம் கட்டும் பேக் ஸ்டிச். இரவு வேலை முடிந்து வரும் வாரத்தில் எண்ணவே கூடாது, எண்ணினால் பிரிக்க வேண்டி வரும். அப்போது நிரப்பும் வேலை, ஓரங்கள் ஏற்கெனவே போடப்பட்ட பெரிய ஒற்றை நிறப் பரப்பு, கை தானாகப் போகும். மூன்றாவது, வெளியே காத்திருக்கும் நேரம். கிளினிக்கில், பிள்ளையின் டியூஷன் வாசலில், ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு இடிஎஸ் ரயிலில் போகும் இரண்டரை மணி நேரத்தில். அதற்கு 40க்கு 40 கட்டம், ஐந்தாறு நிறம், உள்ளங்கை அகலத் துணி. 1,600 தையல், பையில் கிடந்தே முடிந்துவிடும், வருடத்துக்கு ஏழெட்டு முடிகிறது, யாருக்காவது கொடுக்க எப்போதும் கையில் ஒன்று இருக்கிறது.

இந்த மூன்றும் ஒன்றோடொன்று போட்டி போடுவதில்லை. பழைய சுற்றில் ஒன்றை எடுத்தால் மற்றொன்றின் நேரம் குறைந்தது. இதில் கிளினிக் நேரம் பெரிய மயிலுக்கு எப்படியும் கிடைக்காத நேரம். அதனால்தான் இது சுற்று முறையைவிட நல்லது என்று உறுதியாகச் சொல்கிறேன். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அமைதியாக உட்கார முடிகிறவர்களுக்கு இது தேவையில்லை, அவர்களுக்கு ஒரே துணியும் வெளியே கொண்டுபோக ஒரு சின்னதும் போதும்.

நூலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பல துணி ஓட்டுகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். துணிக்குத் துணி தனிப் பையா, எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டியா? 1746இல் தொடங்கிய பிரெஞ்சு நூல் நிறுவனமான டிஎம்சியின் நூலில் ஐநூறு நிறத்துக்கு எண் உண்டு, 310 என்றால் எங்கே வாங்கினாலும் கறுப்பு, அதனால் ஒரே பெட்டி சுலபமாகத் தெரிகிறது. செலவும் குறையும். ஆனால் எட்டு மீட்டர் நூல்கட்டை மூன்று துணிகள் பங்கு போட்டால் எது எப்போது தீரும் என்று தெரியாது. ஒரே எண்ணிலும் சாயம் போட்ட தவணைக்குத் தவணை நூலளவு வித்தியாசம் வரும், சிதறிய பூவில் தெரியாது, பெரிய வானத்தில் பட்டையாகத் தெரியும். அதனால் பின்னணி நிறங்களை ஆரம்பத்திலேயே மொத்தமாக வாங்கி அந்தத் துணியோடு கட்டி வைக்கிறேன், மற்றதெல்லாம் பொதுப் பெட்டியில். டிஎம்சி எண்ணையே போட்டு வரும் மலிவு நூலும் கிடைக்கிறது, சின்னத் துணிக்குத் தாராளமாகப் போடலாம், ஒரே படத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

நின்ற இடத்தைக் குறித்து வைக்கக் காகிதமா கைப்பேசியா என்றால், ஒரு துணிக்குக் காகிதமே சுகம். இரண்டுக்கு மேல் போனால் ஆண்ட்ராய்டில் பேட்டர்ன் கீப்பர் மாதிரி செயலி உதவுகிறது, பிடிஎஃப் சார்ட்டைப் போட்டால் தேடும் சின்னத்தை மட்டும் ஒளிர்த்துக் காட்டும், போட்டதைத் தேய்த்து அடையாளம் வைக்கலாம். அந்தப் பத்து நிமிடம் எனக்கு மூன்று நிமிடம் ஆனது இதனால்தான்.

அந்த ஏழில் மூன்றை வைத்துக்கொண்டேன், இரண்டை எதிர்வீட்டு அக்காவிடம் நூலோடு கொடுத்தேன், இரண்டைப் பிரித்துத் துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். மயிலுக்கு இன்னும் ஒரு இறக்கை வரிசை பாக்கி. ஆனால் ஆகஸ்டில் தம்பி மகள் கல்யாணம், அதனால் நேற்று அதன் ஊசியை எடுத்து, வளையத்தைக் கழற்றி, தலையணை உறைக்குள் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டேன். மேசையில் இப்போது அவளுக்கான துணி மட்டும் இருக்கிறது, 90க்கு 110 கட்டம், 9,900 தையல். இன்று மாலை நாலு மணிக்கு நடுவைக் கண்டுபிடிக்க வேண்டும்.