பத்மினி ஸ்டியரிங்: கழட்டி, வெடிப்பு அடைச்சு, சில வருஷம் ஓட்டின பிறகு

முதல்லயே சொல்லிடுறேன், பெயிண்ட் தேஞ்சுருச்சு, ஆனா அடைச்ச வெடிப்பு ஒண்ணு கூட திரும்ப வாய திறக்கல. ஒரிஜினல் ஸ்டியரிங்க சரி பண்ணலாமா, இல்ல ஸ்போர்ட்ஸ் ஸ்டியரிங் வாங்கி மாட்டிடலாமான்னு குழம்பிட்டு இருக்க பத்மினிக்காரங்களுக்குத்தான் இது, அதாவது நாம ஃபியட்னு சொல்ற அந்த பழைய கார்.

நம்ம வண்டி 1970கள் கடைசியில வந்த ப்ரீமியர் பத்மினி, 1089 சிசி, கியர் ராடு ஸ்டியரிங் பக்கத்துலயே இருக்குமே அந்த மாடல். ஸ்டியரிங் உள்ள இரும்பு வளையம், மேல கெட்டி பிளாஸ்டிக். வருஷக்கணக்கா வெயில்ல நின்னு பிளாஸ்டிக் சுருங்குது, உள்ள இருக்க இரும்பு சுருங்க மாட்டேங்குது, அப்ப எங்கயாவது விட்டுத்தானே ஆகணும். குதிகால் வெடிப்பு மாதிரி சுத்தியும் வரிவரியா பிளந்து போய் கைய குத்தும், ஈரம் உள்ள இறங்கி இரும்பு துருப்பிடிச்சு உப்புச்சுன்னா வெடிப்பு இன்னும் அகலமாயிடும். மேல கவர் போட்டு தச்சிட்டா சரியாயிடும்னு நிறைய பேர் சொல்றாங்க, அது கண்ணுக்கு மறைக்கும் அவ்ளோதான், வியர்வையும் ஈரமும் உள்ளயே தங்கும். சென்னை புதுப்பேட்டைல பழைய கார் பார்ட்ஸ் கடைங்கள்ல தேடினா வேற ஸ்டியரிங் கிடைக்கும், ஆனா அதுவும் இதே வயசு கிழவிதான். மும்பைல டாக்ஸியா ஓடின பத்மினிங்களும் 2023 அக்டோபரோட ரோட்ட விட்டு போயாச்சு, இனிமே நல்ல சரக்கு எங்கருந்து வரப்போகுது?

கழட்டுறதுலதான் நிறைய பேர் சொதப்புறாங்க. முன் சக்கரம் நேரா இருக்கணும், பேட்டரி வயர கழட்டிடணும், இல்லன்னா ஹார்ன் வயர் எங்கயாவது பட்டு தெருவையே எழுப்பிடும். ஹார்ன் பட்டன், ஸ்பிரிங் எல்லாத்தையும் எடுக்கும்போதே வரிசையா போட்டோ எடுத்துக்கங்க. உள்ள நட்டு தெரியும், கழட்டுறதுக்கு முன்னாடி ஷாஃப்ட்லயும் ஸ்டியரிங்லயும் சென்டர் பஞ்சால (புள்ளி குத்துற கூர் கம்பி) ஒரே நேரா ஒரு புள்ளி வச்சுடுங்க, ஷாஃப்ட்ல இருக்க பல்லுல ஒண்ணு மாறி உக்காந்தாலும் நேரா போகும்போது ஸ்டியரிங் கோணலா நிக்கும், சிக்னல் லீவரும் தப்பான இடத்துல திரும்பும். நட்ட முழுசா எடுக்காம ஷாஃப்ட் நுனி வரைக்கும் தளத்தி விட்டுட்டு புல்லர் (ஸ்டியரிங்க இழுத்து கழட்டுற டூல்) போடணும். சட்டுனு விட்டுக்கிச்சுன்னா அந்த நட்டுதான் உங்க மூக்க காப்பாத்தும்.

எங்க மெக்கானிக் அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு, "தம்பி, சுத்தியல மட்டும் கையில எடுக்காத". ஷாஃப்ட் தலையில அடிச்சா அந்த அடி நேரா கீழ ஸ்டியரிங் பாக்ஸ்ல இருக்க வார்ம் கியர், பேரிங்குலதான் போய் இறங்கும், அப்புறம் ஸ்டியரிங்க காப்பாத்தி பாக்ஸ பறிகொடுத்த கதைதான். துரு இளக்குற ஆயில ராத்திரியே ஊத்தி விட்டுட்டு காலையில புல்லர இறுக்கி கொஞ்ச நேரம் அப்படியே விட்டா தன்னால டப்புனு வந்துரும்.

வெடிப்பு அடைக்கிறதுக்கு பெயிண்டர்ங்ககிட்ட குடுத்தா பாடி புட்டியதான் தடவுவாங்க, பாக்க நல்லா இருக்கும், ஆனா அது முறுமுறுன்னு இருக்க சாமான், அடுத்த கோடைக்குள்ள திரும்ப கோடு விழுந்துரும். அஞ்சு நிமிஷத்துல இறுகுற எபாக்ஸியும் (ரெண்டு பொருள் கலந்து போடுற பசை) வேணாம், பூட்டின வண்டிக்குள்ள சென்னை வெயில்ல அது இளகுது. மெதுவா இறுகுற கெட்டி எபாக்ஸிதான் சரி, ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாள் முழுசா விடணும். அதுக்கும் முன்னாடி ஹேக்சா பிளேடால ஒவ்வொரு வெடிப்பையும் இரும்பு தெரியுற வரைக்கும் வி மாதிரி அகலமா அறுத்து, துருவ சுரண்டி, துரு மாத்துற கெமிக்கல் தடவி காய விட்டாத்தான் பிடிப்பு இருக்கும். சின்ன வெடிப்ப பெரிசாக்கணுமேன்னு மனசு பதறும், பரவால்ல அறுங்க, மொத்த வேலையில இந்த ஒண்ணுதான் முக்கியம், மத்ததெல்லாம் அழகுதான்.

அப்புறம் 80 நம்பர்ல ஆரம்பிச்சு 400 நம்பர் வரைக்கும் உப்புத்தாள், மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். டேஷ்போர்டு பாலிஷ் எப்பவாச்சும் போட்டிருந்தீங்கன்னா அந்த சிலிகான் கறைய உப்புத்தாள் போடுறதுக்கு முன்னாடியே துடைச்சு எடுக்கணும், இல்லன்னா பெயிண்ட் குழிகுழியா ஒதுங்கும். தின்னர் ஊத்தி துடைக்காதீங்க, சில பழைய பிளாஸ்டிக் கரைஞ்சுரும். நான் எபாக்ஸி பிரைமர் போட்டு மேல டூ கே பிளாக் (ஹார்டனர் கலந்து அடிக்கிற கறுப்பு பெயிண்ட்) அடிச்சேன். திரும்ப மாட்டும்போது புது லாக் வாஷர் போட்டு நட்ட நல்லா இறுக்கி, கொஞ்ச நாள் ஓட்டின பிறகு மறுபடி ஒரு தடவ இறுக்கி பாத்துக்கிட்டேன். ஸ்டியரிங் விஷயம், சோம்பேறித்தனம் கூடாது.

இப்போதைய நிலவரம்: வலது கை எப்பவும் பிடிக்கிற இடத்துல பெயிண்ட் தேஞ்சு பிரைமர் சாம்பல் கலர்ல எட்டிப்பாக்குது, தலைக்கு எண்ணெய் தேச்ச கையோட ஓட்டுறதும் காரணமா இருக்கலாம். இடது பக்கம் ஒண்ணும் ஆகல, அந்த கை பாதி நேரம் கியர் ராடுலதான இருக்கு. புதுசா ஒரே ஒரு முடிக்கோடு, ஸ்போக் சேர்ற இடத்துல, அதுவும் நான் அறுக்காம விட்ட பகுதி. இறங்கும்போது ஸ்டியரிங்க பிடிச்சு தொங்கி எந்திரிக்கிறோம்ல, அந்த பாரம் அங்கதான் விழுது. மழை முடிஞ்சதும் அத மட்டும் அறுத்து அடைக்கணும், இந்த தடவ எபாக்ஸியிலயே கறுப்பு பவுடர் கலந்துரலாம்னு இருக்கேன், அப்ப மேல பெயிண்ட் தேஞ்சாலும் அடைச்ச இடம் பளிச்சுனு தெரியாது.