காது அடைப்புக்கு எது: செருகியா, மூக்கு பலூனா, மின்கருவியா?

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும்போது காது அவ்வளவாகப் படுத்தாது. திரும்பும்போதுதான் உயிரை எடுக்கும். ஜோகன்னஸ்பர்க் விமான நிலையம் இருப்பதே சுமார் 1,700 மீட்டர் உயரத்தில். பறக்கும் விமானத்தின் உள்ளழுத்தம் அதிலிருந்து வெகுதூரம் விலகுவதில்லை. டர்பனோ கடலோரம். இறங்க இறங்க அழுத்தம் ஏறி செவிப்பறையை உள்ளே தள்ளும். மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுச்செவிக்குப் போகும் யூஸ்டேஷியன் குழாய் திறந்துகொடுத்தால் பிழைத்தோம். சளி பிடித்திருந்தால் லேசில் திறக்காது.

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கமிருந்து என்னிடம் வருகிறவர்கள் "எதை வாங்கலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். எதைச் சரியாகச் செய்ய வருகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள் என்பேன்.

விமானப் பயணத்துக்கென்று மருந்துக்கடையில் விற்கும் காதுச் செருகி மலிவு. அழுத்தம் செவிப்பறையைச் சேரும் வேகத்தை மட்டுப்படுத்துவதோடு அதன் வேலை முடிந்தது, குழாயைத் திறக்காது. விமானம் இறங்கத் தொடங்கும் முன்பே செருகி, கதவு திறக்கும்வரை வைத்திருக்க வேண்டும். பலரும் வலி வந்தபிறகுதான் கைப்பையைத் துழாவுகிறார்கள்.

நடுச்செவியில் நீர் கோத்த பிள்ளைகளுக்கு மூக்கு பலூன்தான் என் முதல் தேர்வு. நாசியில் பொருத்தும் குமிழில் மாட்டிய சிறு பலூன் அது. பிரிட்டனில் 4 முதல் 11 வயதுவரை 320 பிள்ளைகளிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், தினம் மூன்று வேளை ஊதியவர்களில் ஒரு மாதத்தில் சுமார் 47 சதவீதத்தினருக்குக் காது சீரானது, ஊதாதவர்களில் 36. பிரமாதமில்லை, ஆனால் மருந்தில்லாமல் கிடைப்பது. புதுப் பலூன் விறைப்பாக இருக்கும். முதலில் கையால் இழுத்துத் தளர்த்துங்கள். குமிழை ஒரு நாசியில் பொருத்தி, மறு நாசியை விரலால் அழுத்தி, வாயை மூடிக்கொண்டு மூக்கால் சாத்துக்குடி அளவுக்கு ஊத வேண்டும். பிறகு அடுத்த நாசி. "புரிஞ்சுதா ஆன்டி?" என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "தம்பி, எங்கே, ஆயாவுக்கு ஒருதரம் செஞ்சு காட்டு" என்று பேரனிடம் சொன்னால்தான் குமிழ் ஓரத்தில் காற்று புஸ்ஸென்று ஒழுகுவதும், மறு நாசி திறந்திருப்பதும் தெரியவரும்.

மின்கருவி விலையில் எங்கோ நிற்கிறது. 1863இல் வியன்னாவில் காது மருத்துவர் அடாம் பொலிட்சர் சொன்ன முறைதான்: விழுங்கும் நொடியில் மூக்கு வழியே காற்றைச் செலுத்துவது. ஊதத் தெரியாத பிள்ளைக்கு இதுவே வசதி. வாயில் ஒரு மடக்குத் தண்ணீர், ஒரு நாசியில் கருவி, மறு நாசி மூடல், பொத்தான், அப்புறம் விழுங்கல். இந்த வரிசையில்தான் ஆள் தடுமாறுவார். தண்ணீரை முதலிலேயே விழுங்கிவிட்டு கருவி வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொண்டுவருவார்.

வெறும் விமானக் காதடைப்புக்கு நான் எதையும் வாங்கச் சொல்வதில்லை. இறக்கம் தொடங்கியதுமே எச்சில் விழுங்குங்கள், மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுங்கள். முக்கி ஊத வேண்டாம். கடும் சளி, காதுவலியோடு காய்ச்சல், அண்மையில் காது அறுவை, அடிக்கடி மூக்கில் ரத்தம் என்றால் பலூனோ மின்கருவியோ மருத்துவரைக் கேட்ட பிறகுதான்.